பத்துப் பேர்ச் காணியில் எந்த அன்ரெனா?

பொழுதுபோக்காக வானொலி அலைவழியே பிறருடன் பேசும் அமெச்சூர் வானொலிக்கான உரிமத் தேர்வில் சித்தியடைந்து, பாவித்த வானொலிச் சாதனம் ஒன்றையும் தேடி வாங்கி வைத்துக்கொண்ட ஒருவர், திருகோணமலையில் தமது வளவுக்குள் முதல் அன்ரெனாவைக் கட்ட முனையும்போது, எந்த வகை சிறந்தது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார். அந்தக் கேள்விக்கு முன்பாக அவர் கையில் எடுக்க வேண்டியது அளவு நாடா. பத்துப் பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். அது 12 மீற்றர் அகலமும் 21 மீற்றர் நீளமும் கொண்டதாக இருந்தால், ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு 24 மீற்றர் வரும். 40 மீற்றர் பட்டைக்கு, அதாவது 7 மெகாஹேட்ஸுக்கு, வேண்டிய அரை அலைக் கம்பியின், அதாவது அலைநீளத்தில் பாதியளவான கம்பியின், நீளம் 20 மீற்றர். வீடும் கிணறும் மாமரமும் மதிலோரத்து மின்கம்பமும் அந்த 24 மீற்றருக்குள் எங்கெங்கே நிற்கின்றன என்பதை ஒரு தாளில் வரைந்து பார்த்தாலே, பாதித் தெரிவு முடிந்துவிடும்.

பாலையூற்றில் எனது வீட்டிலும், உவர்மலையிலும் உப்புவெளியிலும் நண்பர்களின் வீடுகளிலும் கட்டியும் கழற்றியும் மீண்டும் கட்டியும் பார்த்தவற்றை வைத்து நான்கு வகைகளை இங்கே ஒப்பிடுகிறேன். நடுவில் கேபிள் இணைக்கப்படும் அரை அலைக் கம்பி, ஒரு நுனியில் கேபிள் இணைக்கப்படும் அரை அலைக் கம்பி, நிலைக்குத்தான கால் அலைக் கம்பம், சிறிய காந்த வளையம் என்பனவே அவை. பல குழாய்களால் அலையை ஒரு திசைக்குக் குவிக்கும், சுழலும் யாகி வகையை நான் சேர்க்கவில்லை. அதன் திறமையைப் பற்றி எனக்கு ஐயம் இல்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஊரில், அலுமினியக் குழாய்களையும் சுழற்றும் பொறியையும் கூரைக்கு மேலே நிறுத்தி வைப்பது முதல் அன்ரெனா கட்டுபவருக்கு ஏற்ற வேலை அன்று என்பதே காரணம். 3.5 மெகாஹேட்ஸும் பேச்சில் இல்லை. அதற்கு 40 மீற்றர் நீளம் வேண்டும்.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் கைக்கு வரும் முன்னர் எதையும் அனுப்பக் கூடாது. கடற்படைத் தளமும் சீனக்குடா விமான நிலையமும் உள்ள ஊர் என்பதால், உரிமத்தின் பிரதியொன்றை வீட்டில் வைத்திருப்பதும், என்ன கட்டுகிறோம் என்பதை அயலவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும் வீண் கேள்விகளைக் குறைக்கும்.

யாருடன் பேசப் போகிறோம்

வெளிநாட்டு நூல்களைப் படித்துவிட்டு வருபவர்களில் பலர், அலை அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகப் புறப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறார்கள். யப்பானுடனோ ஐரோப்பாவுடனோ பேச விரும்புபவருக்கு அது சரி. ஆனால் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 105 கிலோமீற்றர், யாழ்ப்பாணம் 180, கொழும்பு 235, சென்னை 500 கிலோமீற்றர் தொலைவில் உள்ளன. இந்தத் தூரங்களுக்குத் தாழ்வாகப் புறப்படும் அலை உதவாது. அது வானில் உயரே மின்னேற்றத்தோடு இருந்து சிற்றலையைத் திருப்பி அனுப்பும் அயன மண்டலத்தில் பட்டு, இவ்வூர்களுக்கு அப்பால் வெகு தொலைவிலேயே தரையிறங்கும். இங்கே வேண்டியது கிட்டத்தட்டச் செங்குத்தாக மேலே போய், குடையில் பட்ட மழைபோல எல்லாத் திசையிலும் இறங்கும் அலை.

நமது இருப்பிடம் இதற்கு வாய்ப்பானது. திருகோணமலை பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் உள்ளது. பகல் வேளைகளில் இங்கே தலைக்கு மேலுள்ள அயன மண்டலம், செங்குத்தாக வரும் 7 மெகாஹேட்ஸ் அலையைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பும் அளவுக்கு அடர்த்தியாக இருக்கும். ஐரோப்பாவில் பல வேளைகளில் இதே பணிக்கு 3.5 மெகாஹேட்ஸுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஆகவே 10 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் தொங்கும் 40 மீற்றர் பட்டைக் கம்பியை "தாழ்ந்து போயிற்று" என்று நாம் வருந்த வேண்டியதில்லை. அந்த உயரம் இப்பட்டையில் கால் அலைக்கும் குறைவு. அலையின் பெரும்பகுதி மேல்நோக்கியே போகும். அதுவே நமக்கு வேண்டியது. இதற்கு ஒரு குறையும் உண்டு. பொழுது சாய்ந்த பின் நடுக்கோட்டுப் பகுதி அயன மண்டலம் குழம்புவதால், சில மாலைகளில் குரல்கள் நீருக்கடியில் பேசுவது போல் நடுங்கும். அது அன்ரெனாவின் பிழை அன்று; அதற்காகக் கம்பியை இறக்கி வெட்ட வேண்டாம்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், தொலைபேசி இணைப்புகள் அறுந்திருந்த வேளையில், இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர்கள் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலை வழியாகத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். அதே அலை நமது கரையையும் அடித்துச் சென்றது. முதலாவது அன்ரெனா நாட்டுக்குள் பேச வல்லதாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

நடுவில் இணைக்கும் கம்பி

இதன் கணக்கு எளிது. 143 என்ற எண்ணை மெகாஹேட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்தால் முழு நீளம் மீற்றரில் கிடைக்கும். 7.1 மெகாஹேட்ஸுக்கு அது 20.1 மீற்றர், ஒவ்வொரு கைக்கும் 10 மீற்றரும் சில சென்ரிமீற்றரும். வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்படும் பிளாஸ்ரிக் உறையிட்ட செப்புக் கம்பியைப் பயன்படுத்தினால், உறை காரணமாகப் பரிவு நீளம், அதாவது அந்த மீடிறனுக்குக் கம்பி இசைந்து அதிரும் நீளம், சில சதவீதம் குறையும். இருந்தாலும் 10.4 மீற்றரில் தொடங்குவதே நல்லது; நீண்ட கம்பியைக் குறுக்கலாம், குறுகியதை நீட்டுவதற்கு ஈயம் ஒட்ட வேண்டும்.

இரு பக்கமும் உயர்ந்த மரம் உள்ளவர் கம்பியை நேராகக் கட்டலாம். மற்றவர்களுக்கு நான் சொல்வது கவிழ்த்த வீ வடிவம். நடுவில் ஒரு கம்பம், அதன் உச்சியிலிருந்து இரு கைகளும் சரிவாக இறங்கும். உச்சி 9 மீற்றரிலும் நுனிகள் 3 மீற்றரிலும் இருந்தால், ஒவ்வொரு கையும் நிலத்தளவில் 8 மீற்றர் தூரமே எடுக்கும். நுனிக்கு நுனி 16 மீற்றர். அதாவது நான் முதலில் சொன்ன காணியில் மூலைவிட்டத்தைக்கூடத் தேட வேண்டியதில்லை, நீளப் பக்கத்திலேயே அடங்கிவிடும். கட்டும் கயிற்றுக்கும் இடம் மிஞ்சும். உச்சிக் கோணம் அப்போது ஏறத்தாழ 106 பாகை; 90 பாகைக்குக் கீழே போகாதிருந்தால் போதும். கைகள் சரியும்போது தடங்கல், அதாவது மாறும் மின்னோட்டத்துக்கு அன்ரெனா காட்டும் எதிர்ப்பு, 73 ஓமிலிருந்து இறங்கி 50 ஓமை நெருங்குவதால், 50 ஓமை எதிர்பார்க்கும் சாதனத்துடனான பொருத்தமும் தானாகவே மேம்படும்.

இரண்டு 6 மீற்றர் ஜீ.ஐ. குழாய்களில் ஒன்று மற்றொன்றினுள் நுழையக்கூடிய பருமன்களில் வாங்கி, ஒரு மீற்றர் செருகி, கீழ்ப்பகுதியை வீட்டுச் சுவரோடு இரண்டு இடங்களில் பிடிகொடுத்தால் வேண்டிய உயரம் கிடைக்கும். உச்சியில் ஒரு கப்பி போட்டு, கம்பியின் நடுவை அதிலே ஏற்றி இறக்கும்படி வைப்பது கட்டாயம் என்றே சொல்வேன். முதல் தடவை நான் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் ஏணியில் ஏறி இறங்கியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று.

கேபிள் கம்பியோடு சேரும் இடத்தில், கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் சோக்கு ஒன்று வேண்டும். எப்.டி. 240-43 எனப்படும் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையமொன்றில் ஆர்.ஜி.-58 என்ற மெல்லிய கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் அதுவே சோக்கு. இது இல்லாவிட்டால் கேபிளின் வெளிப்பின்னலும் அன்ரெனாவின் ஒரு கையாக மாறி, வீட்டுக்குள் உள்ள எல்.ஈ.டி. விளக்குகளின் இரைச்சலை ஏற்றுக்கொண்டு வரும். அனுப்பும்போது அம்மாவின் தொலைக்காட்சி பேசும். வளையம் கிடைக்கும் வரை பொறுத்திருக்க முடியாதவர்கள், கேபிளையே கைப்பிடி அகலத்துக்குப் பல சுற்றுச் சுற்றிக் கட்டித் தற்காலிகமாக ஒப்பேற்றலாம். அது 7 மெகாஹேட்ஸில் ஓரளவே உதவும்.

கேபிளைப் பொறுத்தவரை, 20 மீற்றர் ஓட்டத்துக்கு 7 மெகாஹேட்ஸில் ஆர்.ஜி.-58 இன் இழப்பு ஒரு டெசிபெலுக்கும் குறைவு. தடித்த ஆர்.ஜி.-213 வாங்கும் பணத்தைக் கம்பத்தில் போடுவது பயனுள்ளது. டிஷ் தொலைக்காட்சிக்குப் பயன்படும் 75 ஓம் ஆர்.ஜி.-6 எங்கும் கிடைக்கிறது, இழப்பும் குறைவு, சிறு பொருத்தமின்மை சிற்றலையில் பொருட்டே அன்று. ஆனால் அதன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது. அதற்கான முனைகளை அழுத்தியே பொருத்த வேண்டும். கடல் காற்றில் அந்த இணைப்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இந்த அன்ரெனாவின் பெரிய நன்மை, அதில் ஒளிந்திருக்கும் பகுதி எதுவும் இல்லை என்பது. கம்பி, மின்காப்பி, கேபிள், வளையம் ஆகிய நான்கும் கண்ணுக்குத் தெரியும். கெட்டால் எது கெட்டது என்பதும் தெரியும். 40 மீற்றர் பட்டைக்கு வெட்டியது 21 மெகாஹேட்ஸிலும் மூன்று மடங்கு அரை அலையாக ஓரளவு பொருந்தும். 14 மெகாஹேட்ஸும் வேண்டுமானால், அதே நடு இணைப்பிலிருந்து 5 மீற்றர் கைகள் இரண்டை வேறு திசையில் இறக்கலாம். 9 மீற்றர் உயரம் 14 மெகாஹேட்ஸில் அரை அலைக்குச் சற்றே குறைவு என்பதால், அங்கே அலை 30 பாகைக்குச் சற்று மேலான கோணத்தில் புறப்படும். திசையும் ஓரளவு தெரியும். இங்கிருந்து இலண்டன் வடக்கிலிருந்து 321 பாகையிலும் தோக்கியோ 53 பாகையிலும் உள்ளன. குறுகிய கைகளை வடகிழக்கு, தென்மேற்காகக் கட்டினால் ஒரு பக்கம் ஐரோப்பாவையும் மறுபக்கம் மேற்கு அவுஸ்திரேலியாவையும் பார்க்கும்.

நுனியில் இணைக்கும் கம்பி

அண்மைக் காலத்தில் இளையவர்கள் மிக அதிகமாகக் கேட்பது இதைத்தான். காரணம் தெளிவு: நடுவில் கம்பம் வேண்டாம், கேபிள் தொங்க வேண்டாம், யன்னலோரத்தில் ஒரு சிறு பெட்டி, அதிலிருந்து 20 மீற்றர் கம்பி நேரே தென்னைக்கோ வேம்புக்கோ போய்ச் சேரும். ஒரே கம்பி 7, 14, 21, 28 மெகாஹேட்ஸ் நான்கிலும் பரிவு கொள்ளும். ஒடுங்கிய காணிக்கும், நடுவில் கம்பம் நாட்ட விடாத வீட்டுக்காரருக்கும் இது நல்ல வழி.

வினைத்திறனெல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அரை அலையின் நுனியில் தடங்கல் 2,500 ஓமை அண்மித்திருக்கும். அதை 50 ஓமாக இறக்க 49:1 மின்மாற்றி வேண்டும். எப்.டி. 240-43 வளையத்தில் முதன்மைச் சுருளுக்கு 2 சுற்று, துணைச் சுருளுக்கு 14 சுற்று என்பது வழக்கமான அமைப்பு. உயர் பட்டைகளில் பொருத்தம் கெடாதிருக்க முதன்மைக்குக் குறுக்கே 100 பிக்கோபரட் உயர் மின்னழுத்தக் கொள்ளளவி ஒன்று. வீட்டில் ஒரு மாலையில் செய்துவிடலாம். ஆனால் வளையம் எந்தக் கலவையால் ஆனது என்பது வெளியிலிருந்து தெரியாது. எந்த விவரமும் இல்லாமல் விற்கப்பட்ட மலிவான வளையமொன்றில் நான் சுற்றிய மின்மாற்றி, அளவு கருவியில் அழகான எண்ணைக் காட்டிவிட்டு, ஐந்து நிமிடப் பேச்சில் தொட முடியாத அளவுக்குச் சூடேறியது. அந்தச் சூடு முழுவதும் யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்க வேண்டிய வலு.

மற்றது மின்னழுத்தம். 100 வாட் அனுப்பும்போது அந்த நுனியில் ஏறத்தாழ 500 வோல்ட் இருக்கும். கம்பியின் மறு நுனியிலும் அதேபோல் உயர்வே. பிள்ளைகள் ஓடித் திரியும் முற்றத்தில், உடுப்புக் காயவிடும் கொடிக்குப் பக்கத்தில், இது கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. ஈரத் தென்னோலை நுனியில் உரசினாலே பரிவு நகர்ந்துவிடும். வடகிழக்கு மழை பெய்யும் வாடைக் காலத்தில் ஒரு கிழமை முழுவதும் ஓலை காயாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கும் சோக்கு வேண்டும், நடுவில் இணைப்பதைவிட அதிகமாக வேண்டும். நுனியில் இணைக்கும்போது மின்னோட்டத்துக்கு ஒரு திரும்பு வழி தேவை. நாம் கொடுக்காவிட்டால் அது கேபிளின் வெளிப்புறத்தையே எடுத்துக்கொண்டு, சாதனம் வரை வந்து ஒலிவாங்கியைத் தொடும் உதட்டில் சுடும். பெட்டியிலிருந்து இரண்டு மீற்றர் எதிர்க்கம்பி ஒன்றைத் தொங்கவிட்டு, சாதனத்துக்குப் பக்கத்தில் சோக்கை வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

கடலோரக் கம்பம்

நிலைக்குத்தான கால் அலைக் கம்பம் 14 மெகாஹேட்ஸுக்கு 5 மீற்றர் உயரம் மட்டுமே. 7 மெகாஹேட்ஸுக்கு 10 மீற்றர். இடம் மிகக் குறைவாக எடுக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நிலத்துக்கு மேலே அது உண்மை. கம்பத்தின் அடியிலிருந்து சக்கரத்தின் ஆரைகள்போல் நிலத்தோடு விரிக்க வேண்டிய ஆரைக் கம்பிகளை யாரும் சொல்வதில்லை.

இங்கேதான் அளவு கருவி புதியவரை ஏமாற்றும். நல்ல தரைக்கு மேலே கால் அலைக் கம்பத்தின் தடங்கல் 36 ஓம். நமது மணல் தரை நல்ல கடத்தி அன்று. ஆரைக் கம்பிகள் இரண்டு மூன்றோடு விட்டால் தரை இழப்பாக 30 ஓம் சேரக்கூடும். அப்போது மொத்தம் 66 ஓம். சாதனத்தோடு உள்ள பொருத்தத்தைச் சொல்லும் நிலையலை விகிதம் (1 என்றால் முழுப் பொருத்தம்) 1.3 என்று காட்டும், கட்டியவர் மகிழ்ந்துபோவார். ஆனால் வலுவில் 55 சதவீதமே வெளியேறும், மீதி மண்ணைச் சூடாக்கும். மேலும் ஆரைக் கம்பிகளை இட்டு இழப்பை 5 ஓமாகக் குறைத்தால் விகிதம் 1.2 ஆகவே நிற்கும், வெளியேறும் வலுவோ 88 சதவீதமாகும். இரண்டையும் கருவி ஏறத்தாழ ஒரே எண்ணாலேயே சொல்கிறது. அதிலும், இழப்பு சரியாக 14 ஓமாக இருக்கும்போதுதான் கருவி மிகச் சிறந்த எண்ணைக் காட்டும். எண் அழகாக இருப்பதும் அன்ரெனா நன்றாக இருப்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு எனக்குத் தெரியாது.

அப்படியானால் கடல்? உப்பு நீரின் கடத்துதிறன் மீற்றருக்கு ஏறத்தாழ 5 சீமன்ஸ்; காய்ந்த மணலுக்கு அது அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவிலோ அதற்கும் கீழேயோ இருக்கும். நிலைக்குத்துக் கம்பத்திலிருந்து தாழ்வாகப் புறப்படும் அலையை மண் விழுங்கிவிடுகிறது, கடல் தாங்கி அனுப்புகிறது. உப்புவெளியில் நண்பரொருவரின் வீட்டு முன்றிலில், அலை வந்து தொடும் இடத்திலிருந்து பதினைந்து மீற்றரில் 14 மெகாஹேட்ஸ் கம்பமொன்றைத் தற்காலிகமாக நிறுத்தியபோது, யப்பானிய நிலையங்கள் பாலையூற்றில் நான் ஒருபோதும் கேட்டிராத பலத்தோடு வந்தன. ஆனால் இந்த நன்மை நீரின் விளிம்பிலிருந்து ஓர் அலைநீளத்துக்குள், அதாவது இப்பட்டையில் 20 மீற்றருக்குள், நிற்பவருக்கே முழுமையாகக் கிடைக்கும்; பின்வாங்கப் பின்வாங்க விரைவாகத் தேயும். "கடற்கரை ஊர்" என்பதால் மத்திய வீதியில் இருப்பவருக்கும் அது கிடைக்கும் என்று நினைப்பது தவறு. மேலும் நமது கரை வடகிழக்கைப் பார்க்கிறது. யப்பானுக்கு முன்னால் வங்கக் கடல் விரிந்திருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் அலையோ முதலில் நமது முதுகுப் பக்கத்து மணலையும் வயலையும் கடக்க வேண்டும். நாட்டுக்குள் பேசுவதற்கு இக்கம்பம் கிட்டத்தட்டப் பயனற்றது. அது மேல்நோக்கி எதையும் அனுப்புவதில்லை. அயல் வீடுகளின் மின் இரைச்சலையும் கிடைக் கம்பியைவிடக் கூடுதலாகவே பிடிக்கும்.

உவர்மலையில் கதை வேறு. அங்கே தரை பாறை. ஆரைக் கம்பி புதைக்க முடியாது. தரையிலிருந்து உயர்த்திய ஆரைக் கம்பிகள் நான்கைக் கால் அலை நீளத்துக்கு வெட்டி இழுத்தால் போதும், ஆனால் அவற்றுக்கு இடம் வேண்டும். இடம் இருந்தால் கவிழ்த்த வீயே கட்டியிருக்கலாம்.

காந்த வளையத்தை வாடகைக்கு மேல்மாடியில் இருப்பவருக்கு மட்டும் சொல்வேன். ஒரு மீற்றர் விட்டமுள்ள செப்புக் குழாய் வளையமும் ஒரு மாறும் கொள்ளளவியும் பல்கனியில் அடங்கும். சில கிலோஹேட்ஸ் நகர்ந்தாலே மீண்டும் திருக வேண்டும், 100 வாட்டில் கொள்ளளவியின் குறுக்கே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும், 7 மெகாஹேட்ஸில் வினைத்திறனும் குறைவு. 10 வாட்டுக்குள் பயன்படுத்துபவருக்கு அது போதுமானது.

உப்பும் காற்றும்

இவ்வளவு ஒப்பீட்டையும் தலைகீழாக்கக்கூடியது உப்பு. வேறு ஊரில் பத்து ஆண்டு நிற்கும் இணைப்பு இங்கே இரண்டு வாடைக்குத் தாங்கினால் பெரிது. எனவே இரண்டு வகைகள் ஏறத்தாழ சமமாகத் தோன்றினால், வெளியில் உள்ள இணைப்புகள் குறைந்ததையே தெரிவு செய்ய வேண்டும் என்பது எனது விதி. நடுவில் இணைக்கும் கம்பியில் வெளியே இருப்பவை இரண்டே ஈய ஒட்டுகள். நிலைக்குத்துக் கம்பத்திலோ ஆரைக் கம்பி ஒவ்வொன்றும் ஒரு திருகாணி. அலுமினியக் குழாயும் செப்புக் கம்பியும் உப்பு ஈரத்தில் நேரே தொட்டுக்கொண்டால் அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்கும். இரண்டுக்கும் இடையே துருப்பிடிக்காத உருக்கு வளையம் ஒன்றை வைப்பது அதைத் தாமதப்படுத்தும். அந்த உருக்கும் 316 தரமாக இருந்தால் நல்லது. 304 தரமானது கரையோரத்தில் பழுப்புப் புள்ளி வைக்கும்.

கேபிளின் வெட்டிய முனைக்குள் நீர் நுழைந்தால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலப் பின்னல் வழியே மீற்றர் கணக்கில் பயணம் செய்யும். அதன் பின் அந்தக் கேபிளை எறிவதைத் தவிர வழியில்லை. தன்னோடு தானே ஒட்டும் இறப்பர் நாடாவை இழுத்துச் சுற்றி, அதன்மேல் சாதாரணக் கறுப்பு நாடாவைச் சுற்ற வேண்டும். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். ஆர்.ஜி.-6 இன் அழுத்திய அலுமினிய இணைப்பு இந்தச் சோதனையில்தான் முதலில் தோற்கிறது. வீட்டுக்குள் இருக்கும் முனைக்கு அதைப் பயன்படுத்தலாம். கூரைக்கு மேலே வேண்டாம்.

கயிறு பற்றித் திருக்கடலூரில் வள்ளம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குச் சொன்னது எந்த நூலிலும் படித்ததைவிட உதவியது. "தம்பி, கயிறு காத்துக்கு அறுறதில்லை, வெயிலுக்கு அறுறது" என்றார். கடைகளில் நைலோன் என்று விற்கப்படும் நீலக் கயிறுகளில் பல உண்மையில் பொலிப்புரோப்பிலீன். நமது வெயிலில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் நார் நாராக உதிரும். பொலியெஸ்டர் கயிறு விலை கூடியது, ஆனால் நீளாது, உதிராது. மரத்தில் கட்டுபவர் இறுகக் கட்டாமல், கயிற்றைக் கப்பியொன்றின் வழியே விட்டு, மறுமுனையில் மணல் நிரப்பிய போத்தலைத் தொங்கவிட வேண்டும். கச்சானில் தென்னை ஆடும்போது போத்தல் ஏறி இறங்கும், கம்பி அறாது. பனை அவ்வளவு ஆடாது. பனை நிற்கும் வளவு கிடைத்தவர் பாக்கியசாலி. 2020 டிசம்பரில் புரெவி சூறாவளி நமக்கு வடக்கே கரையைக் கடந்த இரவில், போத்தல் கட்டிய எனது கம்பி மறுநாள் அப்படியே இருந்தது, சுவரோடு பிடித்த குழாய்தான் சற்று வளைந்திருந்தது.

மின்கம்பிகளைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. கம்பமோ கம்பியோ எந்தப் பக்கம் விழுந்தாலும் வீதியோர மின்கம்பியைத் தொடாத தூரத்தில், அதற்கு மேலும் மூன்று மீற்றர் விட்டே நாட்ட வேண்டும். காணியில் அப்படி இடமில்லையென்றால் கம்பம் வேண்டாம். யன்னலிலிருந்து வளவின் பின்புறத்துக்குப் போகும் நுனி இணைப்புக் கம்பியே ஒரே தெரிவு. சித்திரையிலும், ஐப்பசி தொடங்கி மாரி பிடிக்கும் வரையிலும், பிற்பகல் இடி முழங்கும் நாட்களில், கேபிளைச் சாதனத்திலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே உள்ள புவித்தொடுப்புக் கம்பியோடு இணைத்துவிட வேண்டும். மழை தொடங்கிய பின் அல்ல, முகில் கறுக்கும்போதே.

ஆகவே எனது தெரிவு இது. 16 மீற்றர் நீளமும் ஒரு கம்பத்துக்கு இடமும் உள்ளவர் 40 மீற்றர் பட்டைக்குக் கவிழ்த்த வீ கட்டட்டும். இரண்டாம் மாதத்தில் 14 மெகாஹேட்ஸ் கைகளைச் சேர்க்கட்டும். ஒடுங்கிய காணியில் இருப்பவரும், பல பட்டைகளை ஒரே கம்பியில் தேடுபவரும், அறியப்பட்ட நல்ல வளையத்துக்குச் செலவழிக்கத் தயாரானால், நுனி இணைப்புக்குப் போகலாம். நிலைக்குத்துக் கம்பம் கடல் மணலில் வீடு உள்ள, வெளிநாடுகளோடு பேச விரும்பும் சிலருக்கு மட்டும். அவர்களும் அதை இரண்டாவது அன்ரெனாவாகவே வைத்துக்கொள்வது நல்லது. சூரியனின் செயற்பாடு ஏறி இறங்குவதைக் குறிக்கும் சூரியச் சுழற்சிகளில் 2019 டிசம்பரில் தொடங்கிய 25ஆவது உச்சத்தைத் தாண்டிவிட்டது. வரும் ஆண்டுகளில் 28 மெகாஹேட்ஸ் அமைதியாகிப்போகும், 7 மெகாஹேட்ஸ் எப்போதும்போல் பேசும் என்பதும் இத்தெரிவுக்குத் துணை நிற்கிறது.

முதல் நாள் கம்பியை ஏற்றியதும் நேனோ வி.என்.ஏ. என்ற கையடக்க அன்ரெனா அளவு கருவியால் பரிவு எங்கே விழுகிறது என்று பாருங்கள். 6.8 மெகாஹேட்ஸில் விழுந்தால் கம்பி நீளம். இரு கைகளிலும் சம அளவு குறைக்க வேண்டும். 7 மெகாஹேட்ஸை ஒட்டி, ஒரு கைக்கு 10 சென்ரிமீற்றர் குறைத்தால் ஏறத்தாழ 70 கிலோஹேட்ஸ் மேலே நகரும். வெட்டாதீர்கள், நுனியை மடித்துத் தன்மேலேயே முறுக்கிக் கட்டுங்கள், அதுவும் குறைத்ததாகவே கணக்கு. விரும்பிய இடத்தில் வந்து நின்றதும் பரிவு மீடிறனையும், அங்கே நிலையலை விகிதத்தையும், அன்று தரை ஈரமாக இருந்ததா காய்ந்திருந்ததா என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வாடை முடிந்த பின்னும், தை மாதக் கடைசியில், மீண்டும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். மீடிறன் மட்டும் சற்று நகர்ந்திருந்தால் கயிறு தளர்ந்திருக்கும். விகிதத்தின் பள்ளம் முன்பைவிட அகன்று தட்டையாகியிருந்தால், எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும், கேபிளைக் கழற்றி நாடாவைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பச்சை பிடித்த செம்பு இருக்கும்.